பையனுக்கு என்று வாங்கிய ஷூ

காஞ்சிபுரம் போனால் காலை ஆட்டிக்கொண்டே பிழைக்கலாம் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு மிதியை மாற்றி மாற்றி மிதித்தால் போதும், சோறு தானாக இலைக்கு வந்துவிடும் என்று நினைப்பு. அதைச் சொன்ன மகராசன் ஒரு நாளாவது தறியில் உட்கார்ந்திருந்தால் வாயையே திறந்திருக்க மாட்டான்.

திருஞானசம்பந்தத்தின் கால் நன்றாகத்தான் இருந்தது. அவன் பெண்டாட்டி வடிவுக்குத்தான் குதிகால் வலி. விடிந்து பாயை விட்டு எழுந்து முதல் அடி வைக்கும்போது, ஆணியில் மிதித்தவள் மாதிரி சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கொஞ்சம் நடந்தால் சரியாகும். நிறைய நடந்தால் திரும்பவும் வந்துவிடும். ஆஸ்பத்திரி டாக்டரம்மா காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, "வெறுங்காலோட நடக்கக் கூடாது. ரப்பர் அடி வெச்ச கேன்வாஸ் ஷூ போட்டுக்குங்க, மெத்துனு இருக்கும்" என்றாள். சம்பந்தம் அங்கேயே சிரித்துவிட்டான். சேலை கட்டின பொம்பளைக்கு ஷூவா? டாக்டரம்மா படித்தவள், எது வேண்டுமானாலும் சொல்வாள் என்று நினைத்துக்கொண்டான்.

அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். குழந்தை இல்லை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று நெய்கிற கோர்வைச் சேலைக்கு ஒரு ஆள் போதாது. நெய்கிறவனுக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஒரு பக்கத்துக் கரைக்கான நூலைக் குறுக்கே கொண்டுபோகிற நாடாவைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். மற்ற வீடுகளில் அதற்குக் கூலிக்கு ஆள் வைத்திருந்தார்கள். சம்பந்தத்தின் தறியில் கல்யாணமான வருஷத்திலிருந்து வலப்பக்கத்துக் கரை வடிவுடையது. நாடா போடும்போதே தெருக்கதை, ஊர்க்கதை எல்லாம் அவள் வாயிலிருந்து வந்துகொண்டிருக்கும். கேட்டுக்கொண்டே நெய்து பழகிப்போனவன் அவன்.

எழுபத்தொன்றாம் வருஷத்துத் தை மாதத்தில் அவர்கள் நெய்த மாம்பழ நிறச் சேலை ஒன்றை, அரக்குக் கரை போட்டது, நெசவாளர் சங்கம் மெட்ராஸ் பொருட்காட்சிக்கு என்று எடுத்துக்கொண்டது. சங்கத்துக் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அதை விரித்து வைக்கப் போகிறார்களாம். சங்கத் தலைவர் கலியாணசுந்தரம், நெசவாளர்கள் குடும்பத்தோடு போய்ப் பார்க்க ஒரு பஸ்ஸும் ஏற்பாடு செய்தார்.

"நானும் வர்றேன்" என்றாள் வடிவு.

"இந்தக் காலை வெச்சிக்கினா? உள்ள நுழைஞ்சா பொழுது சாயற வரைக்கும் நடைதான். ராட்டினம் ஒரு மூலை, மரணக் கிணறு ஒரு மூலை, நம்ம கடை இன்னொரு மூலை. நடுவுல குந்தக்கூட எடம் இருக்காது."

"ராட்டினமும் வேணாம், கிணறும் வேணாம். நம்ம சேலையைப் பாக்கணும். நெய்ய நெய்ய சுருட்டிக்கினே போயிடுது. அறுத்ததும் மடிச்சிக் குடுத்துடறோம். இத்தினி வருஷத்துல ஒரு சேலையைக்கூட முழுசா விரிச்சி நான் பாத்தது இல்லீங்க."

யோசித்துப் பார்த்தால் அவனும் பார்த்ததில்லை.

சரி, அவளை நடக்கவைக்க வேண்டுமானால் ஷூ வாங்கித்தான் ஆக வேண்டும். அங்கேதான் சிக்கல். 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்த நாலு பேர் யார் என்று கேட்டால் முழிப்பார்கள். சம்பந்தத்துக்கு அந்தக் குழப்பமே கிடையாது. அவனுக்கு நாலு பேரும் ஒரே ஆள்தான், எதிர்வீட்டுக் குமாரசாமி. குமாரசாமியும் நெசவாளிதான், கெட்டவனும் இல்லை. ஆனால் அவன் ஒருவனுக்குப் பட்டப்பெயர் வைத்தால், பேரன் எடுத்தாலும் அந்தப் பெயர் போகாது.

பெண்டாட்டியைக் கடைக்குக் கூட்டிப்போய், தெருவில் போகிறவர்கள் பார்க்க அவள் காலில் பூட்ஸ் மாட்டிப் பார்ப்பதா? அதைவிட அளவெடுத்துக்கொண்டு போவது மேல் என்று முடிவு செய்தான். அவள் தறியில் உட்கார்ந்திருந்தபோதே குழிக்குள் கையை விட்டு, ஒரு துண்டுப் பட்டு நூலை அவள் குதிகாலில் வைத்துக் கட்டைவிரல் நுனிவரை இழுத்து முடிச்சுப் போட்டான்.

"கூச்சமா இருக்குதுங்க, விடுங்க" என்று சிரித்தாள் வடிவு.

அவனுக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. அந்தக் காலை அவன் பிடித்தது ஒரே ஒரு தடவைதான், கல்யாணத்தன்று, அம்மியில் வைத்து மெட்டி போட்டபோது.

காந்தி ரோட்டில் சலாம் பாயின் செருப்புக் கடை. பாய் மரியாதை தெரிந்த மனிதர். யார் உள்ளே வந்தாலும் எழுந்து நின்றுதான் பேசுவார்.

"வாங்க நைனா. இன்னா வேணும்?"

"கேன்வாஸ் ஷூ ஒரு ஜோடி. நல்லா மெத்துனு இருக்கணும். ரொம்ப நேரம் நடந்தாலும் கால் வலிக்கக் கூடாது."

"யாருக்கு?"

'சம்சாரத்துக்கு' என்பது நாலெழுத்து வார்த்தை இல்லைதான். ஆனாலும் ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். கடையில் இன்னும் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"பையனுக்கு" என்றான் சம்பந்தம்.

"எத்தனாவது படிக்கிறாரு?"

"எட்டாவது."

"நல்லாப் படிப்பாரா?"

"கணக்குல புலி."

ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே விளங்கவில்லை. வாய் தானாகப் போயிற்று. சொன்னபோது வெட்கமாகவும், கொஞ்சம் இனிப்பாகவும் இருந்தது. ஒரு நிமிஷம் அவனுக்கு மகன் இருந்தான். டவுசர் போட்டுக்கொண்டு, இந்த ஷூவை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஓடினான்.

பாய் நாலைந்து ஜோடிகளை எடுத்துப் போட்டார். ஒன்றின் அடி கட்டையாக இருந்தது. இன்னொன்று பழுப்பு நிறம். அழுக்குத் தெரியாது, ஆனால் உள்ளே துணி முரடு. கடைசியில் வெள்ளை ஒன்றை இரண்டு கையாலும் வளைத்துக் காட்டினார். "இதைப் பாருங்க. மடிச்சா மடியுது, விட்டா நிமுருது. உள்ளார பஞ்சு வெச்சித் தெச்சிருக்குது. நாள் பூரா நடக்கறதுக்கு இதான்." சம்பந்தம் நூலை எடுத்து உள்ளே வைத்துப் பார்த்தான். முடிச்சு சரியாக நுனியில் போய் நின்றது.

"நிக்க வெச்சி எடுத்த அளவா, குந்தியிருக்கச்சே எடுத்ததா?" என்று கேட்டார் பாய். "தொங்குற காலு வேற, ஊணின காலு வேற. பையனைக் கூட்டியாந்திருக்கலாமே?"

"நிக்க வெச்சித்தான் எடுத்தேன்" என்றான் சம்பந்தம். ஒரு பொய் சொன்னவனுக்கு இரண்டாவது பொய் சுலபம்.

வீட்டில் வடிவு ஷூவைத் தடவித் தடவிப் பார்த்தாள். மாட்டிக்கொண்டு கூடத்தில் நடந்தாள். "பஞ்சு மேல நடக்கறாப்பல இருக்குதுங்க" என்றாள். கட்டைவிரலுக்குப் பக்கத்து விரல் மட்டும் கொஞ்சம் அழுத்துகிறது. போகப் போகத் தளர்ந்துவிடும் என்றாள். மெட்டி இருக்கிற விரல் அது. நூலைக் குதிகாலிலிருந்து நுனிவரை இழுத்தவன், மெட்டியின் தடிமனைக் கணக்கில் எடுக்கவே இல்லை. வெறும் விரலுக்கு எடுத்த அளவுக்குள் இரண்டு மெட்டி போட்ட விரலை நுழைத்திருந்தாள் அவள்.

பஸ் கிளம்புகிற அன்று கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு, அதற்குக் கீழே பளீரென்று இரண்டு வெள்ளை ஷூவோடு தெருவில் வந்து நின்றாள். குமாரசாமி பஸ் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான்.

"இன்னா சம்பந்தம், உங்கூட்டம்மா டிரில் மாஸ்டர் வேலைக்குப் போவுதா?"

பஸ்ஸே சிரித்தது. "ஆமாண்ணா, எறங்கி வந்து வரிசையில நில்லு" என்றாள் வடிவு. அதற்கு முன்னைவிடப் பெரிதாகச் சிரித்தார்கள். சிரிக்காதவன் சம்பந்தம் ஒருவன்தான். அவள் பதில் சொல்லியதே அவனுக்குப் பிடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்ததும், "சேலையைக் கொஞ்சம் எறக்கிக் கட்டிக்கினா இன்னா? எல்லாம் தெரியுது" என்று முணுமுணுத்தான்.

அவள் இறக்கிக் கட்டிக்கொண்டாள். அதனால் வந்த வினை, பொருட்காட்சி வாசலிலேயே கொசுவத்தை மிதித்துத் தடுமாறினாள். பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மா பிடித்துக்கொண்டாள். பிடித்திருக்க வேண்டியவன் பத்தடி முன்னால் போய்க்கொண்டிருந்தான்.

அன்றைக்கு முழுவதும் அவன் முன்னால்தான் போனான். பெரிய ராட்டினத்தைத் தாண்டி, அப்பளக் கடை, வளையல் கடை, மரத்தால் செய்த யானைகள் எல்லாவற்றையும் தாண்டி, கூட்டத்துக்கு நடுவே நடந்துகொண்டே இருந்தார்கள். ஷூ வாங்கிக்கொடுத்ததே அவள் சுகமாக நடக்கத்தான். ஆனால் அவள் நடந்த நடையை அவன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எதிரே வருகிறவர்களின் கண்கள் கீழே போகின்றனவா என்று மட்டும் பார்த்தான். இரண்டு காலேஜ் பெண்கள் பார்த்தார்கள், ஏதோ பேசிக்கொண்டார்கள். அவர்கள் வேறு எதையாவது பேசியிருக்கலாம். அவன் காதெல்லாம் சூடாகிவிட்டது.

சங்கத்துக் கடையில் அந்தச் சேலை இருந்தது. கண்ணாடிக்குள், மேலிருந்து கீழ்வரை விரித்து, விளக்குப் போட்டு வைத்திருந்தார்கள். வடிவு நேராக வலப்பக்கத்துக் கரைக்குப் போனாள். கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து, அரக்குக் கரையும் மாம்பழ நிறமும் சேருகிற இடத்தைக் கீழேயிருந்து மேலே பார்த்துக்கொண்டே வந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. அப்போது அவள் முகம் எப்படி இருந்தது என்பது சம்பந்தத்துக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதுதான் இன்னும் கொடுமை.

அந்த நேரம் பார்த்துக் கைத்தறி அதிகாரி ஒருவர் கேமராக்காரரோடு வந்தார். கலியாணசுந்தரம் சம்பந்தத்தின் தோளில் கை போட்டு, "இவர்தாங்க நெய்தவர்" என்று சொல்லிவிட்டு, வேறு யாரோ கூப்பிட்டதால் அந்தப் பக்கம் போய்விட்டார்.

அதிகாரி விஷயம் தெரிந்தவர். "கோர்வையாச்சே, ரெண்டு பேர் உக்காந்திருக்கணுமே? கூட நெய்தது யாரு? அவங்களையும் கூப்பிடுங்க. ரெண்டு பேரையும் சேலை பக்கத்துல நிக்க வெச்சி ஒரு போட்டோ எடுத்துடலாம்" என்றார். கேமராக்காரர், "முழு ஆளும் விழறாப்பல எடுக்கறேன் சார். தலையில இருந்து கால் வரைக்கும்" என்றார்.

கால் வரைக்கும். சம்பந்தத்தின் கண் தானாக அந்த வெள்ளை ஷூக்களுக்குப் போயிற்று. நடந்து நடந்து சேலை ஏறிக்கொண்டு அவை முழுசாகத் தெரிந்தன. அவனுக்குப் பின்னால் குமாரசாமி நின்றுகொண்டிருந்தான். இந்த போட்டோ பேப்பரில் வரும், சங்கத்துச் சுவரில் மாட்டுவார்கள், அந்த ஷூ அங்கே காலாகாலத்துக்கும் தொங்கும்.

"அது... கூலிக்கு ஒரு ஆளுங்க" என்றான் சம்பந்தம். "இன்னிக்கி வரல."

கண்ணாடியின்மேல் மேலே ஏறிக்கொண்டிருந்த கை நின்றது. அவள் திரும்பவில்லை. அவனைத் தனியாக நிறுத்தி போட்டோ எடுத்தார்கள். வெளிச்சம் பளிச்சென்று அடித்தது. குமாரசாமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றான். சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டான். அவன் சிரித்துத் தொலைத்திருந்தால் சம்பந்தத்துக்கு நன்றாக இருந்திருக்கும். எவன் கேலிக்குப் பயந்து இதைச் செய்தானோ, அவனே தன்னைப் பார்க்கக் கூசிப்போனதைப் பார்த்தபிறகுதான், தான் செய்தது இன்னதென்று அவனுக்கு உறைத்தது.

"பாத்தாச்சி, போலாம்" என்றாள் வடிவு.

மற்றவர்கள் ராட்டினத்தில் சுற்றிக்கொண்டிருக்க, அவள் பஸ்ஸில் போய் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். மெட்டி விரல் வீங்கி, தோல் கிழிந்து, ரத்தம் உள்ளே பஞ்சில் ஊறியிருந்தது. அந்தக் காலோடுதான் அவன் பின்னால் அத்தனை தூரம் நடந்து வந்திருக்கிறாள்.

"கடிச்சிடிச்சா?" என்று கேட்டான்.

"ஷூ கடிக்கல" என்றாள். ஊர் வந்து சேரும்வரை அவ்வளவுதான் பேச்சு.

அவள் சண்டை போடுவாள் என்று காத்திருந்தான். அழுவாள், அம்மா வீட்டுக்கு வாலாஜாபாத் போகிறேன் என்பாள், தானும் காலில் விழாத குறையாக எதையாவது சொல்லிவிடலாம் என்று இருந்தான். அவள் எதுவும் செய்யவில்லை. சோறு ஆக்கினாள், போட்டாள். தறிக்கு வந்து உட்கார்ந்தாள். நாடாவை எடுத்தபோது மட்டும், அவன் முகத்தைப் பார்க்காமல், "இன்னிக்கி எதுவரைக்குங்க?" என்று கேட்டாள்.

கூலிக்கு வருகிறவர்கள் கேட்கிற கேள்வி அது. அந்த வீட்டில் அதை யாரும் கேட்டதில்லை.

நாடா போனது, வந்தது. தெருக்கதை இல்லை, ஊர்க்கதை இல்லை. தறிச் சத்தம் இவ்வளவு பெரியதா என்று அவனுக்குத் தோன்றியது. தன் மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது. இரண்டு தடவை வாயைத் திறந்தான். 'என்னை மன்னிச்சிடு' என்று புருஷன் பெண்டாட்டியிடம் சொல்லி அவன் கேட்டதே இல்லை. எந்த வார்த்தையில் தொடங்குவது என்று தெரியவில்லை. கடைசியில் வெளியே வந்தது இதுதான்: "கெளம்பு. பாய் கடைக்குப் போயி வேற ஷூ மாத்தியாந்துடலாம். நீயே வந்து போட்டுப் பாரு."

எழுந்தாள். ஷூவை ஒரு பையில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு நடந்தாள். அன்றைக்கு அவன் அவளுக்குப் பக்கத்தில்தான் நடந்தான். ஒரு மனுஷன் பெண்டாட்டி பக்கத்தில் நடந்து போவதைப் பெரிய தியாகம் மாதிரி நினைத்துக்கொண்டு நடந்தான் என்றால், அவன் புத்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சலாம் பாய் வழக்கம்போல் எழுந்து நின்றார். பையிலிருந்து ஷூவை எடுத்ததும் முகம் மலர்ந்தது.

"பத்தலையா? நான்தான் அப்பவே சொன்னேனே நைனா, பையனைக் கூட்டியாங்கன்னு. எட்டாவது படிக்கிற புள்ளைங்களுக்கு மாசாமாசம் கால் வளரும்."

வடிவு மெதுவாகத் திரும்பிச் சம்பந்தத்தைப் பார்த்தாள்.

"கணக்குல புலின்னு சொன்னீங்களே, எங்க அவரு? ஸ்கூலுக்குப் போயிருக்காரா?"

தறிக்குழி எவ்வளவு ஆழமோ அதைவிட ஆழமான குழி ஒன்று அந்தக் கடையில் இருந்திருந்தால் சம்பந்தம் அதில் இறங்கியிருப்பான். பொருட்காட்சியில் சொன்னதை அவள் மன்னித்தாலும் மன்னிப்பாள். இல்லாத பிள்ளையைச் செருப்புக் கடையில் பெற்று வளர்த்ததை எப்படி மன்னிப்பாள்? வீட்டில் அந்தப் பேச்சை அவர்கள் எடுப்பதையே நிறுத்தி எத்தனையோ வருஷம் ஆகிறது.

"ஷூ எனக்குத்தான் பாய்" என்றாள் வடிவு.

பாய் ஒரு கணம் குழம்பினார். "உக்காருங்கம்மா. இல்ல, நில்லுங்க. ரெண்டு காலும் நல்லா ஊணி நில்லுங்க" என்று குனிந்து பார்த்தார். வீங்கிய விரலைக் கண்டதும் உச்சுக்கொட்டினார்.

"அடடா, சைஸ் கொஞ்சம்தான் சின்னது. இடிக்கறது இந்த மெட்டிதாம்மா. அதைக் கழட்டிட்டீங்கன்னா இதுவே போதும். உள்ளார தொவச்சிக் குடுத்துடறேன், புதுசாட்டம் ஆயிடும்."

"கழட்டிடலாம் பாய்" என்றாள் வடிவு. குரலில் கோபம் இல்லை. "கூலிக்கு நாடா போடற ஆளுக்கு மெட்டி எதுக்கு?"

சொல்லிவிட்டு உண்மையாகவே குனிந்தாள். ஒரு கையால் விரலைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் மெட்டியைத் திருகினாள். வீக்கத்தில் அது நகரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பவும் திருகினாள். விரல் நுனியில் ரத்தம் துளிர்த்தது. பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. சம்பந்தத்தை நிமிர்ந்து பார்த்தார். கடையில் இருந்தவர்களும் பார்த்தார்கள்.

சம்பந்தம் தரையில் உட்கார்ந்தான். அவள் கையை விலக்கி அந்தக் காலைப் பிடித்துக்கொண்டான். தெருவே பார்க்கிறது என்பது தெரிந்தது, வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அது ஷூவைப் பற்றிய வெட்கம் இல்லை.

"பெரிய சைஸா குடுங்க பாய்" என்றான். "என் சம்சாரத்துக்கு."

பாய் அலமாரிப் பக்கம் திரும்பினார். வடிவு காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை, அவனைப் பார்க்கவும் இல்லை.

"இதை அங்க சொல்லியிருக்கணும்" என்றாள்.